ஆபீஸ் நேரம் போக: சர் சி.வி. ராமன்



நம் வளாகத்தில் இரண்டு கோஷ்டிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளைவுட் அறுத்து, பசை தடவி, கிளாம்ப் போட்டு ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர்கள் ஒரு பக்கம். சனிக்கிழமை இரவு எலுமிச்சை பிழிந்து, ஐஸ் குலுக்கி, பழைய காலத்து காக்டெயில்களை அளவு தவறாமல் கலந்து பார்க்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கோஷ்டியைப் பற்றியும் சங்கத்துக்குப் புகார் வருவதுண்டு. அதைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். இந்த இதழுக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டபோது, இந்த இரண்டு கோஷ்டிக்கும் பொதுவாக ஒருவர் கிடைப்பாரா என்று யோசித்தேன். கிடைத்தார். அவர் மத்திய அரசின் கணக்குத் துறையில் பத்து வருடம் சம்பளம் வாங்கியவர் என்பது என்னைப் போன்ற ஆட்களுக்குக் கூடுதல் சந்தோஷம்.

சர் சி.வி. ராமன். நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், கடல் ஏன் நீலம் என்ற கேள்வி. உங்கள் பேரப்பிள்ளைகள் கூட ஒப்பிப்பார்கள். ஆனால் பாடப்புத்தகம் அவசரமாகத் தாண்டிவிடும் ஒரு பகுதி அவர் வாழ்க்கையில் இருக்கிறது. ஒளியில் பேர் வாங்குவதற்கு முன்னால் அவர் அதிகமாக உழைத்தது ஒலியில். அந்த உழைப்பில் பெரும்பகுதி ஆபீஸ் முடிந்த பிறகு, சம்பளம் இல்லாமல் செய்தது. இன்றைய பேச்சில் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.

1888 நவம்பர் 7 அன்று திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர். பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்கப் போனார். அவர் வயலின் வாசிப்பவர். வீட்டில் பணம் அதிகம் கிடையாது, புத்தகங்கள் இருந்தன. பையன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினான். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ., முதல் இடம். 1907இல் எம்.ஏ. அதற்கு முன்பே, 1906இல், பதினெட்டு வயதில், லண்டனில் வெளிவந்த ஃபிலசாஃபிகல் மேகசின் என்ற ஆய்விதழில் அவருடைய முதல் கட்டுரை அச்சாகிவிட்டது. அந்தக் காலத்தின் பெரிய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு இவர் கடிதம் எழுத, அவர் இவரைப் பேராசிரியர் என்றே நினைத்துப் பதில் போட்டதாகச் சொல்வார்கள்.

இளமையில் தன்னை உருவாக்கியவை என்று பின்னாளில் அவர் மூன்று புத்தகங்களைக் குறிப்பிட்டார். எட்வின் ஆர்னால்டு எழுதிய புத்தர் வரலாற்றுக் காவியம், யூக்ளிடின் வடிவியல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் இசையொலி பற்றி எழுதிய நூல். மூன்றாவதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. இரண்டு சுரங்கள் சேரும்போது சில காதுக்கு இனிமை, சில நாராசம், அது ஏன் என்பதைக் கணக்கோடு சொன்ன புத்தகம் அது. நம் ஸ்பீக்கர் கோஷ்டியில் யாராவது இன்னும் படிக்கவில்லை என்றால், பிளைவுட் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

இப்படிப்பட்ட மாணவன் இங்கிலாந்து போயிருக்க வேண்டும். சென்னையின் அரசு மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று தடுத்துவிட்டார். இந்தியாவிலோ அறிவியல் ஆராய்ச்சி என்று ஒரு உத்தியோகமே அன்று கிடையாது. அண்ணன் சுப்பிரமணிய ஐயர் கணக்குத் துறையில் இருந்தார். தம்பியும் நிதித் துறைத் தேர்வு எழுதினார், முதலாவதாக வந்தார். 1907இல் லோகசுந்தரியைத் திருமணம் செய்துகொண்டு, அதே வருடம் ஜூனில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். வயது 18. சம்பளம் திருமணப்படியும் சேர்த்து மாதம் 400 ரூபாய். அன்றைய 400 எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆள் செட்டில் ஆகிவிட்டார் என்று உறவினர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

டிராமில் ஆபீஸ் போய் வரும்போது பௌபஜார் தெரு 210ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876இல் நன்கொடை வசூலித்துத் தொடங்கியது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள்தான் இல்லை. ராமன் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே, அங்கே வேலை பார்த்தவர். நிறுவனரின் மகன் அமிர்தலால் சர்க்கார் செயலாளராக இருந்தார். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் இங்கே வேலை செய்யலாமா என்று ஒரு இளைஞன் வந்து கேட்டதில் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அப்பாவின் காலத்திலிருந்து காத்திருந்த ஆள் வந்துவிட்டார்.

இனி அவருடைய தினசரி அட்டவணையைப் பாருங்கள். காலை ஐந்தரைக்குக் கழகத்துக்குப் போவார். பத்து மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து, குளித்து, அள்ளிப் போட்டுக்கொண்டு, வாடகை வண்டி பிடித்து ஆபீஸ். மாலை ஐந்துக்கு ஆபீஸ் முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேராகக் கழகம். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து. ஞாயிறு முழுநாளும் அங்கேதான். இது ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் ஆன காலம் போக, 1917 வரை இதே வண்டிதான். மாற்றல் ஆன ஊர்களிலும் விடவில்லை. நாக்பூரில் வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடம் ஆக்கிக்கொண்டார். கல்கத்தா திரும்பிய பிறகு கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோனார். இடையில் ஒரு கதவு வைத்து, எந்நேரமும் உள்ளே போகலாம் என்று ஆக்கிக்கொண்டார்.

லெட்ஜர் பார்த்து, டே புக் எழுதி, வருடக் கடைசியில் பேலன்ஸ் டேலி ஆகும்வரை ஆபீஸிலேயே கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நாள் முழுவதும் எண்களைக் கூட்டிய மூளையை மாலையில் இன்னொரு கணக்குக்கு உட்கார வைப்பது லேசு இல்லை. ஆபீஸ் வேலையையும் அவர் கழித்துக்கட்டியதாகத் தெரியவில்லை. மேலதிகாரிகள் அவரை நல்ல அதிகாரி என்றே மதித்தார்கள்.

லோகசுந்தரி அம்மாள் பக்கத்தையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வீணை வாசிக்கத் தெரிந்த பெண். பதினைந்து வயதை ஒட்டிய பருவம், மொழி தெரியாத ஊர், கணவர் கண்ணில் படுவது சாப்பாட்டு நேரத்தில் மட்டும். அந்த அட்டவணை நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிவதே அந்த அம்மாள் பின்னாளில் நினைவுகூர்ந்ததால்தான். பொழுதுபோக்குக்கு ஆகும் செலவு பலகை, ஆணி, பாட்டில் விலையோடு முடிவதில்லை. இதை இரண்டு கோஷ்டியின் வீட்டம்மாக்களும் ஆமோதிப்பார்கள்.

அந்த மாலை நேரங்களில் ராமன் என்னதான் செய்தார்? கழகத்தில் விலை உயர்ந்த கருவி பெரிதாக ஒன்றும் கிடையாது. மலிவாகக் கிடைப்பதை வைத்துச் செய்யக்கூடிய ஆராய்ச்சி எதுவோ அதை எடுத்துக்கொண்டார். தந்தி, தோல், மரம். 1909இல் ஏக்தாரா என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தைப் பற்றி எழுதினார். ஊர் ஊராகப் பாடிப் போகும் வங்காளப் பாணர்கள் கையில் இருப்பது. அதை ஒரு ஆராய்ச்சிப் பொருளாக மேசை மேல் வைக்க வேண்டும் என்று தோன்றியதே பெரிய விஷயம்.

அப்புறம் வயலின். வில்லை இழுத்தால் தந்தி ஏன் பாடுகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? பிசின் தடவிய வில் தந்தியைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போகிறது. ஒரு கட்டத்தில் தந்தி வழுக்கிப் பின்னால் பாய்கிறது. வில் மறுபடி பிடிக்கிறது. ஒரு நொடியில் பல நூறு தடவை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதன் எளிய வடிவத்தைக் கண்டுபிடித்திருந்தார். தந்தி எத்தனை விதமாக அப்படி அசைய முடியும் என்பதை ராமன் வகை பிரித்து, அசைவுகளைப் புகைப்படமாகப் பதிவு செய்து, 1918இல் 158 பக்கத்துக்கு ஒரு நூலாகவே கழகத்தின் வெளியீட்டில் கொண்டுவந்தார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1920இல் வெளியான அவருடைய இயந்திர வயலின். மனிதக் கை வில்லை ஒவ்வொரு தடவையும் ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் இழுக்காது. அளந்து பார்க்க வேண்டுமானால் அது சரிப்படாது. ஆகவே வில்லை அசையாமல் நிறுத்திவிட்டு, வயலினை ஒரு தொட்டில் மாதிரி அமைப்பில் வைத்து மோட்டாரால் முன்னும் பின்னும் ஓட விட்டார். வில் எவ்வளவு அழுத்தினால் சுரம் சரியாகப் பிடிக்கும், வேகத்தைக் கூட்டினால் அழுத்தம் எவ்வளவு கூட வேண்டும், பாலத்துக்குப் பக்கத்தில் வாசித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக அளந்தார். வித்வான்கள் கைப்பழக்கத்தில் அறிந்திருந்ததற்கு எண் கிடைத்தது.

நம் ஸ்பீக்கர் நண்பர்கள் இப்போது நிமிர்ந்து உட்காரலாம். செல்லோ என்ற பெரிய வயலினில் ஒரு தொல்லை உண்டு. ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் வாத்தியம் உறுமும். ஐரோப்பாவில் அதற்கு ஓநாய் சுரம் என்றே பெயர். ராமன் 1916இல் இதை எடுத்துக்கொண்டு, தந்தியின் அசைவையும் மரப்பெட்டியின் அசைவையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார். பெட்டிக்கு இயல்பாகவே ஒரு சுரம் இருக்கிறது. தந்தி அதே சுரத்துக்கு வரும்போது பெட்டி தந்தியின் சக்தியை வாங்கிக்கொண்டு பெரிதாக ஆடுகிறது. தந்தி தளர்ந்து தன் ஒழுங்கை இழக்கிறது. பெட்டி அடங்கியதும் தந்தி மறுபடி தலைதூக்குகிறது. இந்த இழுபறிதான் உறுமல்.

நீங்கள் செய்யும் பெட்டியில் ஒரு பேஸ் சுரம் வந்தால் மட்டும் உம்மென்று ஒலி வீங்கி, இரண்டு மாடி கீழே அலமாரிக் கண்ணாடி அதிர்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். பெட்டியின் சொந்தச் சுரம், அறையின் சொந்தச் சுரம். அதனால்தான் தடிமனான பலகை, உள்ளே குறுக்குக் கட்டை, பஞ்சு என்று நீங்கள் மெனக்கெடுகிறீர்கள். இங்கே ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். வயலின் பெட்டி தன் குணத்தை ஒலியில் ஏற்ற வேண்டும். அதற்குத்தான் அது இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி தன் குணத்தை ஏற்றவே கூடாது. அந்தப் பக்கம் வாசித்தது என்னவோ அதை மட்டும் கொடுக்க வேண்டும். கணக்குப்பிள்ளை மாதிரி. கல்யாண வீட்டு மைக் செட்டில் நாதஸ்வரமும் அறிவிப்பும் ஒரே குரலில் கேட்பது ஏன் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். அந்தக் கூம்புக் குழாய் எல்லாவற்றையும் தன் குரலில்தான் பேசும்.

ராமன் செய்ததில் நம் ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளக்கூடியது மிருதங்கம். தந்தியை மீட்டினால் எழும் உபசுரங்கள் 1, 2, 3, 4 என்று முழு எண் கணக்கில் வரும். அதனால் ஒரு சுரம் என்று காது ஏற்றுக்கொள்ளும். விறைப்பாகக் கட்டிய வெறும் தோலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அதன் உபசுரங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாக வரும். தப்பு, தவில், மேலைநாட்டு டிரம் எதை எடுத்தாலும் அடியில் வேகம் இருக்கும், மிருதங்கத்தைப் போலச் சுருதி கூட்டிப் பாட்டோடு சேர்ந்து பாட வைக்க முடியாது. மிருதங்கமும் தபலாவும் மட்டும் எப்படிச் சுருதியில் நிற்கின்றன?

1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து நேச்சர் இதழில் இதற்கு விடை எழுதினார். பெங்களூருக்குப் போன பிறகு 1930களின் நடுவில் விரிவாகவும் எழுதினார். மர்மம் வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. சோற்றோடு ஒருவகைக் கல்லின் கரும்பொடியைக் குழைத்து, மெல்லிய பூச்சு மேல் பூச்சாகத் தேய்த்துத் தேய்த்துச் சேர்ப்பது. நடுவில் எடை கூடும்போது தோலின் அசைவுகள் ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து சற்றே நகர்கின்றன. ராமன் தோல் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலால் அங்கங்கே தொட்டு, எந்த அசைவில் எந்த இடம் சும்மா இருக்கிறது என்று மணல் காட்டும் கோடுகளைப் படமாக எடுத்தார். ஒன்பது விதமான அசைவுகள். அந்த ஒன்பதும் சேர்ந்து ஐந்தே சுரங்களில் வந்து விழுகின்றன. அந்த ஐந்தும் 1, 2, 3, 4, 5 என்று துல்லியமான கணக்கு. ஒன்பது லெட்ஜரைக் கூட்டி ஐந்து தலைப்பில் டேலி ஆனது போல. எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட திருப்தியை வங்கியில் வேலை பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது மிருதங்கம் கற்றுக்கொண்டால், நம் என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அந்தத் தொடுதல் ஒரு அசைவை அடக்கி இன்னொன்றை எழுப்புகிறது. ராமன் மணலால் பார்த்ததை வித்வான் விரலால் செய்கிறார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒரு தோல்தான். மேல் ஸ்தாயி போகப் போக அது ஒரே துண்டாக அசையாமல் பகுதி பகுதியாக உடைந்து ஆடத் தொடங்கும். சின்ன ஒலிக்குச் சின்ன ஸ்பீக்கர் என்று பிரித்துப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பழங்கால இந்துக்களின் ஒலியறிவு என்ற பொருளில் 1922இல் ராமன் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார். முன்னோருக்கு மரியாதை செய்தது சரி. ஆனால் அந்தக் கறுப்பைத் தேய்ப்பவர், தோலைப் பதப்படுத்தி வார் இழுப்பவர் ராமன் காலத்திலும் உயிரோடு இருந்தார், இன்றும் இருக்கிறார். அவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பெயரும் கைவேலையும் ஒழுங்காகப் புத்தகத்தில் ஏற 2020இல் டி.எம். கிருஷ்ணா செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் எழுதும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒன்பதை ஐந்தாக டேலி செய்தவர்கள் அவர்கள்; ராமன் அதை ஆடிட் செய்தார் என்று நான் சொல்வேன்.

வீணையையும் தம்புராவையும் பற்றி 1921இல் எழுதினார். தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் சில உபசுரங்கள் எழவே கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் கேட்கின்றன. காரணம் அதன் பாலம் கத்தி முனை போல் இல்லாமல் அகலமாக, லேசாக வளைந்திருப்பதுதான். தந்தி அந்த வளைவை உரசி உரசி அதிர்கிறது. ஜீவா என்று ஒரு நூல் துண்டைத் தந்திக்கும் பாலத்துக்கும் இடையில் செருகி நகர்த்தினால் திடீரென்று தம்புரா உயிர் பெற்றுக் குமுறுமே, அந்த இடம்தான். அடுத்த முறை கச்சேரிக்குப் போனால் முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

இதற்கிடையில் 1917இல் அவர் கணக்குத் துறையை விட்டுவிட்டார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவிக்கு ஆசுதோஷ் முகர்ஜி அழைத்தார். சம்பளம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பென்ஷனோடு கூடிய அரசு வேலையை 28 வயதில் பாதிச் சம்பளத்துக்கு விடுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்பதை நம்மில் பலர் கணக்குப் போட்டே பார்க்க மாட்டோம். பதவிக்கு வெளிநாட்டுப் பயிற்சி கட்டாயம் என்று ஒரு விதி இருந்தது. பயிற்சிக்காக நான் போக மாட்டேன் என்று அதையும் மறுத்தார். விதியைத் தளர்த்தினார்கள்.

1921இல்தான் முதல் கப்பல் பயணம். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக் கோபுரத்தின் உள்வட்டத்தில் ஒரு பக்கம் சுவரோடு கிசுகிசுத்தால் மறுபக்கம் கேட்கும். மற்றவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் இவர் அளவெடுத்தார். ஊர் திரும்பி பிஜப்பூர் கோல் கும்பாஸ் வரை அதே கேள்வியைக் கொண்டுபோனார். நம் மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண்களும் திருமலை நாயக்கர் மகாலின் எதிரொலியும் அவர் கையில் கிடைத்திருந்தால் என்று எனக்கு ஒரு ஆசை. திரும்பி வரும் கப்பலில்தான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒலி அவரை அதற்குள் உலகம் அறிந்தவராக்கிவிட்டது. ஜெர்மனியில் இயற்பியல் முழுவதையும் தொகுத்து வெளியிட்ட பெரிய கலைக்களஞ்சியத்தில், 1927இல் வந்த இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதும்படி கல்கத்தாவில் இருந்த இவரைத்தான் கேட்டார்கள்.

இனி காக்டெயில் கோஷ்டிக்கு. ஒளி ஒரு திரவத்தின் வழியாகப் போகும்போது சிதறுகிறது. அப்படிச் சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறதா என்பதுதான் கேள்வி. கண்ணுக்கு எட்டாத அளவு மங்கல். திரவத்தில் ஒரு தூசி இருந்தாலும் அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். ஆகவே காய்ச்சி வடித்து, மறுபடி காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மதுக்கடைக்காரர் கூட அவ்வளவு வடித்திருக்க மாட்டார். வெங்கடேஸ்வரன் என்பவர் அரசுப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கழகத்துக்கு வந்து ஆராய்ச்சி செய்தவர். சுத்தம் செய்த கிளிசரினில் சிதறிய ஒளி பச்சையாகத் தெரிவதை அவர் கண்டார். ராமன் பழைய மாதிரியே இன்னொரு ஆபீஸ்காரர்.

அதை முடித்துவைத்த கையில் மதுரைக்கும் பங்கு உண்டு. கே.எஸ். கிருஷ்ணன், 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர், நம் அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். தல்லாகுளம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். 1928 பிப்ரவரியில் ராமனும் அவரும் இரவு பகலாக ஒன்றன்பின் ஒன்றாகக் குப்பிகளை வைத்துப் பார்த்தார்கள். நேச்சருக்கு அனுப்பிய முதல் கடிதத்தில் சுமார் 60 திரவங்களைச் சோதித்ததாக எழுதியிருக்கிறார்கள். பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் புதிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. ஒவ்வொரு திரவமும் தன் மூலக்கூறு அதிரும் விதத்துக்குத் தகுந்த கோடுகளைக் காட்டியது. கவனியுங்கள், இங்கேயும் அதிர்வுதான். தந்தியிலும் தோலிலும் பதினைந்து வருடம் அதிர்வைப் பார்த்த கண், மூலக்கூறுக்குள்ளும் அதிர்வைப் பார்த்தது. நான் காமர்ஸ் படித்தவன்; இருந்தாலும் இந்தத் தொடர்ச்சி எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

1930 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு. அறிவிப்பு வருவதற்கு மாதங்களுக்கு முன்பே தனக்கும் மனைவிக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துவைத்திருந்தார் என்பது அவர் தன்னம்பிக்கைக்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். இன்னொன்று விருந்து மேசைக் கதை. ராமன் மதுவைத் தொடாதவர். ராமன் விளைவை ஆல்கஹாலில் செய்து காட்டியவர், ராமனிடம் ஆல்கஹாலின் விளைவைக் காட்ட மறுக்கிறாரே என்று அங்கே ஒரு கேலி எழுந்ததாக அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள்.

கேலி இருக்கட்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மெத்தனாலும் குடிக்கும் எத்தனாலும் பார்வைக்கு ஒன்று. நாக்குக்கும் மூக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ராமன் நிறமாலையில் இரண்டுக்கும் கோடு வேறு வேறு இடத்தில் விழும். கையில் பிடிக்கக்கூடிய ராமன் கருவிகள் இன்று இருக்கின்றன. மூடியைத் திறக்காமல், கண்ணாடி பாட்டிலுக்கு வெளியிலிருந்தே உள்ளே மெத்தனால் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடிகிறது. ஒரு சொட்டும் குடிக்காதவரின் கண்டுபிடிப்பு குடிப்பவரின் உயிருக்குக் காவல். அந்தக் கருவி கருணாபுரத்துக்கு அன்று போகவில்லை என்பதுதான் வேதனை. நம் சனிக்கிழமை நண்பர்களே, சீல் இல்லாத பாட்டில், யாரோ தெரிந்தவர் கொண்டுவந்தது என்றால், எந்த அளவுக் கோப்பையும் உங்களைக் காப்பாற்றாது.

பிற்காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். கல்கத்தாவோடும் மனக்கசப்பு, பெங்களூரிலும் நிர்வாகத்தோடு சண்டை. 1937இல் இயக்குநர் பதவியை விட்டார். விட்டுக்கொடுத்துப் போகும் சுபாவம் அவரிடம் இல்லை. கமலா பாக்வத் என்ற மாணவி அங்கே சேர வந்தபோது, பெண் என்பதற்காக முதலில் மறுத்து, பிறகு நிபந்தனை போட்டுச் சேர்த்தார். பெரிய மனிதர் என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுதினால் கணக்கு சரிவராது. கமலா சோஹோனி என்ற பெயரில் அந்தப் பெண் பின்னாளில் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1948இல் பெங்களூரில் தன் பெயரில் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1954இல் பாரத ரத்னா. கடைசி வருடங்களில் ரோஜாத் தோட்டம், பூக்களின் நிறம், கண் நிறத்தை எப்படி அறிகிறது என்ற கேள்வி. 1970 நவம்பர் 21 அன்று இறந்தார். அவர் விரும்பியபடி சடங்கு இல்லாமல் நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது. லோகசுந்தரி அம்மாள் 1980 வரை இருந்தார்.

இளைய மகன் ராதாகிருஷ்ணன் வானியலாளர். அப்பாவுக்குப் பிறகு 1972இல் அதே நிலையத்துக்கு இயக்குநராக வந்தார். ஆபீஸ் நேரம் போக, அவர் பாய்மரப் படகும் இலகுரக விமானமும் கட்டிக்கொண்டிருந்தார்.